மூன்றாவது மணி

ஹில்டா டீச்சரை ஏழரை மணி வரை வகுப்பிலேயே உட்கார வைக்க வேண்டும். தங்கவேலிடம் யூனியன் செயலாளர் சொன்னது அவ்வளவுதான்.

சென்னை பாடியில் தங்கவேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் அன்று மதியம் மூன்று மணிக்குக் கிரேன் சங்கிலி அறுந்தது. கீழே நின்றவர் பிரகாசம், டீச்சரின் கணவர். நின்ற இடத்திலேயே உயிர் போய்விட்டது. தகவல் தாமதமாகக் கிடைத்து, பூந்தமல்லியிலிருந்து டீச்சரின் அண்ணன் அந்தோணிராஜ் வந்துகொண்டிருந்தார். அவர் வாயால்தான் டீச்சருக்குத் தெரிய வேண்டும் என்று முடிவு.

மண்ணூர்பேட்டையில் ஒரு மாடி அறை. தபால் வழியில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கும், தங்கவேலையும் சேர்த்து அதே தொழிற்சாலையின் ஐந்து தொழிலாளிகள். ஐந்து பேருக்கும் தெரியும்.

டீச்சர் கரும்பலகையில் தலைப்பை எழுதிவிட்டுத் திரும்பினார். ஆங்கிலத்தில் நகைச்சுவை உத்திகள்.

"என்ன, எல்லாரும் இஞ்சி தின்ன குரங்கு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"ஃபேக்டரில சின்ன பிரச்னை டீச்சர்" என்றார் செங்கல்வராயன். ஐவரில் மூத்தவர். சங்கிலி அறுந்தபோது பத்தடி தள்ளி நின்றவர்.

"பெரிய பிரச்னையா இருந்தாலும் நீங்க சின்னதுன்னுதான் சொல்வீங்க. அதுக்குப் பேருதான் அண்டர்ஸ்டேட்மென்ட். எழுதிக்குங்க."

செங்கல்வராயன் குனிந்து எழுதினார். அவர் சட்டைக் கையில் ஒரு கறை இருந்தது. கிரீஸ் இல்லை. தங்கவேல் தன் நோட்டை நகர்த்தி அதை மறைத்தான்.

"அடுத்தது, மூணு அடுக்கு. ரெண்டு தடவை ஒரே மாதிரி வரணும். மூணாவதும் அப்படியே வரும்னு ஆள் காத்திருப்பான். அங்கதான் மாத்தணும். எங்க வீட்டுக்காரர் சைக்கிள் மணி கேட்டிருக்கீங்கல்ல? சின்னதா ரெண்டு அடிப்பார். அப்புறம் சத்தமே இருக்காது. நான் ஜன்னல்ல எட்டிப் பார்த்த பிறகுதான் மூணாவது. தெருவே திரும்பிப் பார்க்கும், அவ்வளவு நீளம்."

டீச்சர் சிரித்தார். தங்கவேல் சிரித்தான். உடனே மற்ற நால்வரும் சிரித்தார்கள். சுவிட்சைப் போட்டதும் ஓடும் மெஷின்கள் மாதிரி ஒன்றாக ஆரம்பித்து, ஒன்றாக நின்றார்கள்.

"இன்னைக்குத்தான் நல்லா கவனிக்கிறீங்க" என்றார் டீச்சர்.

ஏழு மணிக்குச் சாக்பீஸைக் கீழே வைத்தார். தங்கவேல் பாடத்திட்டத்தைப் புரட்டினான். கண்ணில் பட்டதைக் கேட்டான்.

"டீச்சர், டிராமாடிக் ஐரனி. போன வருசம் பரீட்சைல வந்துகீது. அத்த மட்டும் சொல்லிட்டுப் போங்க."

கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. செங்கல்வராயன் அவன் தொடையைக் கிள்ளினார்.

"சுலபம்தான்" என்று டீச்சர் மறுபடி உட்கார்ந்தார். "மேடையில நிக்கிற ஆளுக்கு ஒரு விஷயம் தெரியாது. பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அவன் பாட்டுக்குச் சந்தோஷமா பேசிட்டே இருப்பான்."

"அதுக்கா சிரிப்பு வரும்?" என்றான் தங்கவேல்.

"வரும். நாம அவன் இல்லையே. யாராவது ஒரு உதாரணம் சொல்லுங்க."

மின்விசிறி சுற்றியது.

"அஞ்சு பேர்ல ஒருத்தருக்குக்கூடவா தெரியாது?"

அப்போது கீழே மணி அடித்தது. சின்னதாக, இரண்டு முறை.

ஐந்து பேனாக்களும் நின்றன.

"வந்துட்டார்" என்று டீச்சர் பையை எடுத்தார். ஐந்து முகங்களையும் பார்த்தார். "ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி முழிக்கிறீங்க?"

"போவாதீங்கம்மா" என்றார் செங்கல்வராயன்.

அது காதில் விழாமல் டீச்சர் ஜன்னலுக்குப் போனார். எட்டிப் பார்த்தார். கையை அசைத்தார்.

மூன்றாவது மணி நீளமாக அடித்தது.

ஜன்னலை ஒட்டி இருந்தவன் தங்கவேல்தான். தலையைத் திருப்பினால் தெரு தெரியும். அவன் திருப்பவில்லை. டீச்சரின் செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போகும்வரை பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சரைப் பிடித்து வைக்கும் பொறுப்பு அவனுடையது. எழுந்திருக்கவில்லை.

ஐவரும் இறங்கி வந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் யாரும் இல்லை, டீச்சரும் இல்லை. ஓர் ஆட்டோ வந்து நின்றது. அந்தோணிராஜ் இறங்கினார். கண் சிவந்திருந்தது.

"தங்கச்சி மேலதானே இருக்கா?"

செங்கல்வராயன் கறை தெரியாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"நீங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே? அவளுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?"

அவருக்குப் பின்னால், வெறும் தெருவில், மணி இரண்டு முறை அடித்தது. அந்தோணிராஜ் திரும்பிப் பார்க்காமல், சைக்கிளுக்கு வழி விடுகிறவர்போல ஓரமாக ஒதுங்கி நின்றார்.

ஐந்து பேரும் மூன்றாவது மணிக்காகக் காத்திருந்தார்கள்.