ஒல்லாந்தர் சதுக்கத்துக் கக்கூஸ்

கடலூர் முதுநகரில் எங்கள் சதுக்கத்துக்கு ஒல்லாந்தர் சதுக்கம் என்று பெயர். நடுவில் மைதானம், சுற்றிலும் பன்னிரண்டு வீடுகள். எல்லாம் ஒரே அச்சு. முன்னால் உருண்டைத் தூண்கள், இரண்டு முழக் கனத்தில் சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் தளம். டச்சுக்காரன் கட்டினான், இங்கிலீஷ்காரன் குடியிருந்தான், உப்பு வியாபாரி வாங்கினார், அவரிடமிருந்து எங்கள் தாத்தா வாங்கினார். போகும்போது ஆளுக்கொரு விரிசலை விட்டுப்போனார்கள். மழைக்காலத்தில் எது யார் காலத்து ஒழுகல் என்று தெரியாமல் நாங்கள் பாத்திரம் வைக்கிறோம்.

இத்தனை நாள் எங்களை ஒரு நாயும் சீந்தவில்லை. போன வருஷம் திடீரென்று நாங்கள் பாரம்பரியம் ஆனோம். சிதம்பரத்திலிருந்து பேராசிரியர் தில்லைநாதன் பாரம்பரியக் குழுவின் தலைவராக வந்திறங்கினார். சுவரில் ஆணி அடிக்கவும் இனி குழுவைக் கேட்க வேண்டும் என்றார்.

எனக்கு ஆணி வேண்டாம், கக்கூஸ் வேண்டும். என் மனைவி பாத்திமா மேரிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி, வாக்கர் வைத்து நடக்கிறாள். வீட்டில் இருக்கிற ஒரே கழிப்பறை மாடியில். ஒவ்வொரு தடவையும் நானும் பக்கத்து வீட்டு உத்திராபதியும் அவளை நாற்காலியோடு தூக்கிப் படியேறினோம். கூச்சத்தில் அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

கொல்லையில் பழைய அறை ஒன்று சும்மா கிடந்தது. வளைவு வாசல், பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டிக் கதவு. அதை இடித்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டிக்கொள்கிறேன் என்று தில்லைநாதனிடம் கேட்டேன். அவர் பதறிப்போய் ஓடி வந்தார்.

"இடிக்கிறதா? இது ஒல்லாந்தரோட வெடிமருந்து அறை சார்! இந்தக் கதவு வழியாத்தான் பீப்பாய உருட்டியிருக்காங்க."

"சார், அது எடுப்புக் கக்கூஸ். அந்த வழியாத்தான் வாளிய எடுப்பாங்க. சின்ன வயசுல நானே இதுல குந்தியிருக்கேன்."

உத்திராபதி என் இடுப்பைக் கிள்ளினான். தன் வீட்டு முன்னறையில் காபி கடை போட அவனுக்கு யோசனை. "மச்சான், வாய வெச்சிக்கினு சும்மா இரு. பீரங்கின்னா டூரிஸ்ட் வருவான். பீன்னா எவன்டா வருவான்?"

நான் சும்மா இருக்கவில்லை. "சத்தியமா கக்கூஸ்தான் சார்!"

பேராசிரியரின் முகம் தொங்கியது. அடுத்த நொடியே பளிச்சென்று மலர்ந்தது. "இன்னொரு தடவ சொல்லுங்க?"

"கக்கூஸ்."

"அது டச்சு வார்த்தை சார்! ஒல்லாந்தர் சொல்லும் ஒல்லாந்தர் கட்டடமும் ஒரே எடத்துல! இனிமே இதுல ஒரு செங்கல்லக்கூட தொடக் கூடாது."

நுணலும் தன் வாயால் கெடும். நான் கெட்டேன்.

பிறகு அந்தக் கக்கூஸுக்கு வந்த வாழ்வு எங்கள் வம்சத்தில் யாருக்கும் வந்ததில்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த சுண்ணாம்புப் பூச்சு, பர்மா தேக்கில் கதவு. வெறும் குழியைக் காட்டினால் விருந்தாளிகள் முகம் சுளிப்பார்கள் என்று, பூப்போட்ட பழைய பீங்கான் கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். காட்சிக்கு மட்டும் என்று பிளம்பரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குத் தண்ணீரும் கொடுத்து, கொல்லையிலிருந்த கழிவுத் தொட்டிக்குக் குழாயும் இழுத்துவிட்டார்.

குட்டிக் கதவுக்கு மேல் 'காற்றோட்ட வழி' என்று பலகை மாட்டினார்கள். விடியுமுன்னே அங்கே குனிந்து எங்கள் வீட்டு மலத்தை அள்ளிப்போன பெண்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைச் சொல்லவும் சொன்னேன். "நெகட்டிவா எதுவும் வேண்டாமே சார்" என்றார் தில்லைநாதன்.

திறப்பு விழாவுக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். வாசலில் பட்டு ரிப்பன், தட்டில் கத்தரிக்கோல். தில்லைநாதன் ஒல்லாந்தர் கப்பலேறியதிலிருந்து பேசத் தொடங்கினார். கப்பல் கரை சேருவதாக இல்லை. அதிகாரி நாற்காலியில் நெளிந்தார்.

அப்போது மேரி வாக்கரைத் தள்ளிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தாள். வழி விட்டார்கள். ரிப்பனை ஒரு கையால் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

"அம்மா, அது காட்சிக்கு மட்டுந்தாம்மா!" என்று கத்தினார் பேராசிரியர்.

"உங்களுக்குக் காட்சி சார். எனக்கு அவசரம்."

தாழ்ப்பாள் விழுந்தது. எல்லோரும் தூண்களின் அழகை ஆராயத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. மேரி வெளியே வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அதிகாரியைப் பார்த்தாள்.

"தெறந்தாச்சு சார். போறதுன்னா நீங்களும் போலாம்."

தில்லைநாதன் தலையில் கைவைத்தார். அதிகாரி எழுந்தார், தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துப் பேராசிரியர் கையில் கொடுத்தார், விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

அதிகாரி போன இடத்தைக் காட்சிக்கு மட்டும் என்று சொல்ல அதற்குப் பிறகு எந்தக் குழுவுக்கும் துணிச்சல் வரவில்லை. சாவி இப்போது மேரியிடம் இருக்கிறது. பேராசிரியர் வந்தாலும் அவளைக் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.