ரெண்டு காலும் சமம்

கபடியில் எவளைப் பார்த்தும் நான் பயந்ததில்லை. ஆனால் வகுப்பறை பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, மேலே பாயை விரித்து, "படும்மா" என்று பிசியோ ஜெயப்பிரகாஷ் சொன்னதும் பயம் வந்துவிட்டது. விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆட்டத்தில் தேறிவிட்டேன், மிச்சம் இந்தக் கால் பரிசோதனைதான். இதில் போச்சென்றால், அம்மாவோடு மரக்காணம் உப்பளத்தில் நானும் கூடை தூக்க வேண்டியதுதான்.

போன மாதம் கூனிமேட்டு மேட்சில் ஒருத்தி என் வலது காலைப் பிடித்து இழுத்த இழுப்பில், தொடை இடுக்கில் என்னவோ பிடுங்கிக்கொண்டது. அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. "வாயத் தொறந்தே, அவ்ளோதான்" என்று மிரட்டித்தான் கூட்டி வந்திருந்தாள்.

"எங்கயாச்சும் வலி இருக்குதாம்மா?"

"இல்ல சார்."

முட்டியை மடக்காமல் வலது காலைத் தூக்கினார். பாதியிலேயே கண்ணில் நீர் முட்டியது. "போதும் சார், இழுக்குது" என்றேன். இடது கால் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறும். ஆனால் வித்தியாசம் தெரியக் கூடாதென்று அதையும் அதே உயரத்தில் நிறுத்தச் சொன்னேன்.

உப்பளத்தில் இரண்டு பேர் சேர்ந்துதான் கூடையைத் தூக்கி இன்னொருத்தி தலையில் வைப்பார்கள். பலமுள்ளவள் தன் பலத்தைக் காட்டினால் கூடை சாய்ந்து உப்பு கொட்டிவிடும். இளைத்தவள் அளவுக்குத்தான் அவளும் தூக்க வேண்டும். லீவு நாட்களில் நானே அப்படித் தூக்கியிருக்கிறேன். காலுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

அடுத்து, பலம் அளக்கும் மெஷினைக் கணுக்காலின் உள்பக்கம் வைத்து, "உள்ளாற தள்ளு, விடாத" என்றார். வலது காலால் முடிந்த மட்டும் தள்ளினேன். உயிரே போனது. இடது காலை வேண்டுமென்றே அடக்கிக்கொண்டேன். கண்டுபிடித்துவிடுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் சமம்தான். ஆனா ரெண்டுமே ரொம்ப கம்மி. ஒரு கால் மட்டும் வீக்குன்னா அடிபட்டிருக்குதுன்னு ஹாஸ்டல்லயே வெச்சி சரி பண்ணிடுவோம். போன வருஷம்கூட ஒரு பொண்ண அப்படி எடுத்தோம். ரெண்டும் இப்படி இருந்தா எப்படிம்மா எடுக்கிறது?"

அடப் பாவி, இதை முதலிலேயே சொல்லக் கூடாதா?

"சார், இடதுல பலம் இருக்குது சார்! நான்தான் அடக்கிட்டேன். வலதுலதான் வலி. இன்னொரு வாட்டி பாருங்க சார்!"

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார்: "வலி இருக்குதான்னு கேட்டேன்ல? நாளைக்கு எங்க கிரவுண்டுல கால் பிஞ்சி போனாலும் நீ இல்லன்னுதான் சொல்லுவே. உன்ன வெச்சிக்க எனக்கு பயமா இருக்குதும்மா."

அடுத்தவளைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். ஓடி வந்து காதோடு கேட்டாள். "கண்டுபுடிச்சிட்டாரா?"

"இல்லம்மா."

"அப்பாடா!" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.