களத்தில் மனிதர் ஒன்று

மக்காச்சோளத்தை ஒடித்து, மெஷினில் அடித்து, களத்தில் கொட்டிய மறுநாளே வெங்கடேசன் கேமரா வாங்கி மாட்டிவிட்டார். போன மாதம் மோட்டார் கொட்டகையில் வயரை அறுத்துக்கொண்டு போன எவனோ ஒருவன் மேல் இருந்த கோபம் அது. மனுஷன் வந்தால் மனுஷன், மாடு வந்தால் மாடு என்று இனம் பிரித்துப் போனுக்குச் சொல்கிற கேமரா என்று சொல்லித்தான் கள்ளக்குறிச்சிக் கடைக்காரர் ஜுல்பிகர் விற்றார்.

வெங்கடேசனைவிட அவர் மனைவி ராதிகாவுக்குத்தான் கேமரா மேல் ஆசை அதிகம். வெங்கடேசன் காலையில் டிராக்டரை எடுத்துக்கொண்டு வடக்கனந்தல் பக்கம் உழவு ஓட்டப் போய்விடுவார். பொழுது சாயும் வரை களத்துக்கு ராதிகாதான் காவல். மலைமேல், வெள்ளிமலையில் டீச்சராக இருக்கும் தங்கை இசைவாணிக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியும் அவளால் போய் முகம் பார்க்க முடியவில்லை. களை, உரம், ஒடிப்பு என்று ஒன்று போனால் ஒன்று வந்து மடியைப் பிடித்தது. "கேமரா வந்து ஒழுங்கா வேல செய்யட்டும், நீ போய்ட்டு வா" என்று வெங்கடேசன் வாக்குக் கொடுத்திருந்தார்.

கேமரா வந்தது. ஒழுங்காக வேலை செய்யவில்லை. கொடியில் காய்ந்த வேட்டியை மனிதர் என்றது. சோளக் கொல்லை நடுவில் நின்ற வைக்கோல் பொம்மையைக் காற்றடிக்கும்போதெல்லாம் மனிதர் என்றது. பொம்மைக்குப் போட்டிருந்தது வெங்கடேசனின் பழைய பேண்ட், சட்டை. லுங்கி கிழிந்தால் டிராக்டர் துடைக்க ஆகும், பேண்ட்டுக்குத்தான் வேறு போக்கிடம் இல்லை. அதனால் அந்தப் பக்கத்துப் பொம்மைகள் எல்லாம் ஆபீசர் கணக்காகத்தான் நிற்கும். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, குனிந்தபடி, காலால் சோளத்தைத் துழாவிக் கிளறுகிற ராதிகாவை மட்டும் கேமராவுக்கு அடையாளம் தெரியவில்லை. அவளைச் சுற்றி மஞ்சள் கட்டம் போட்டு, 'விலங்கு' என்று எழுதியது.

சாயங்காலம் வெங்கடேசன் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். ராதிகாவும் கூடவே சிரித்தாள். பாத்திரம் துலக்க உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. வீட்டு மனுஷர்தான் அப்படி என்றால், காசு கொடுத்து வாங்கின பொருளுமா?

கூப்பிட்டதும் ஜுல்பிகர் ஏணியோடு வந்தார். "கேமரா மேல தப்பில்லக்கா. ஒசர மாட்டிட்டோம். மேலேர்ந்து பாத்தா தலதான் தெரியும். தல மட்டும் தெரிஞ்சா அதுக்கு ஆளுன்னு புரியாது" என்று சொல்லி, கேமராவைக் கம்பத்தில் கொஞ்சம் கீழே இறக்கினார். வெங்கடேசனின் போனை வாங்கி, படத்தில் களத்தைச் சுற்றி விரலால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு வெளியே யார் ஆடினாலும் பாடினாலும் கேமரா இனி கண்டுகொள்ளாதாம். கொல்லைப் பொம்மைக்கு அத்தோடு மனிதர் பதவி போயிற்று.

"இப்ப நடங்கக்கா. குனியாதீங்க. முந்தானிய எட்துடுங்க. கைய ஒடம்போட ஒட்டாம கொஞ்சம் அகட்டி வைங்க. அப்பிடியே நில்லுங்க."

ராதிகா நின்றாள். போன் கிணுங்கியது. பச்சைக் கட்டத்துக்குள் அவள் இருந்தாள். மனிதர்: 1.

"பாய், இப்பிடி வெறச்சிக்கினு நின்னா நான் எப்பிடி சோளம் கௌர்றது?"

ஜுல்பிகர் தாடியைச் சொறிந்தார். "உங்க படத்த கம்பெனிக்கு அனுப்பறேங்க்கா. அது உங்கள பழகிக்கும். அதுவரிக்கும் நீங்க கொஞ்சம் அத பழகிக்குங்க."

மனிதப் பிறவியாக ஆக ராதிகாவுக்கு ஒரு வாரம் பிடித்தது. நெஞ்சை நிமிர்த்தி, கையை அகட்டி, அவள் களத்தில் அணிவகுப்பு நடத்துவதைப் பக்கத்துக் கொல்லைக் கொளஞ்சியம்மாள் வரப்பில் நின்று பார்த்தார். "இன்னாடி, கோமுகி டேம தெறக்க வந்த மந்திரி மாதிரி நடக்கற" என்று கேட்டார். ராதிகா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பச்சைக் கட்டம் போய்விடும்.

அதற்குள் இசைவாணி போன் செய்தாள். குழந்தை குப்புற விழுந்துவிட்டானாம். ராதிகா அன்றைக்கே கேட்டாள். "கேமராதான் சரியாய்டுச்சே. ஒரு நாள் மலைக்கி போய்ட்டு வரட்டுங்களா?"

வெங்கடேசன் யோசித்துத்தான் பதில் சொன்னார். "ஒண்ணு காட்னா நீ. ரெண்டு காட்னா திருடன். அதான் கணக்கு. நீ போய்ட்டன்னு வெய்யி, திருடன் வந்தா ஒண்ணு காட்டும். நான் அத நீன்னு நெனச்சிக்கினு சும்மா இருந்துடுவேன். புரியிதா?"

புரிந்தது. அதுதான் கொடுமை. மறுநாளிலிருந்து அவர் டிராக்டரை ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் தண்ணீர் குடிக்கப் போனால் அழைப்பு வரும். "பூஜ்யம் காட்டுது, எங்க போன?" வேலி ஓரம் ஒதுங்கப் போனாலும் அதே கேள்வி. அதற்கு என்னவென்று பதில் சொல்வது? திருடனைப் பிடிக்க வாங்கின கேமரா அவளைத்தான் பிடித்து வைத்திருந்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது ராதிகாவுக்கு.

சோளம் ஒடித்தபின் வேலையில்லாமல் நின்ற பொம்மை அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

மறுநாள் வெங்கடேசன் கிளம்பிப் போனதும், பொம்மையைக் களத்தின் நடுவில் நட்டாள். பேண்ட்டை உருவிவிட்டுத் தன் பழைய நீலப் புடவையைச் சுற்றினாள். கை அகன்று, நெஞ்சு நிமிர்ந்து, ஜுல்பிகர் சொல்லிக் கொடுத்தது மாதிரி அச்சாக நின்றது. கொளஞ்சியம்மாளிடம் களத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மலை பஸ் ஏறினாள்.

குழந்தை அவள் கம்மலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது வெங்கடேசனிடமிருந்து போன் வந்தது. கம்மலை விடுவித்துக்கொண்டு, பயந்துகொண்டேதான் எடுத்தாள்.

"ஒண்ணுமில்ல, சும்மாதான் பண்ணேன். காலைலேர்ந்து பாத்துக்கினே இருக்கேன். ஒரு வாட்டிகூட பூஜ்யம் காட்டல. இப்பதான் நீ ஒழுங்கா காவல் காக்கற."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் காதால் கேட்ட முதல் பாராட்டு அது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்ட, குழந்தையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடத்தான் நினைத்தாள். ஆனால் வெங்கடேசன் முந்திவிட்டார். அவள் களத்துக்கு வந்தபோது, புடவை கட்டிய பொம்மைக்கு எதிரே, துண்டைத் தோளில் போட்டபடி நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா வேல இது?" என்றார்.

ராதிகா பையைக் கீழே வைத்தாள். பயம் எப்போதோ விட்டுப் போயிருந்தது. "காலைலேர்ந்து நான் குந்தல. தண்ணி குடிக்கல. சோறு துன்னல. கொளுத்தற வெயில்ல ஒரே எடத்துல நின்னுக்கினு இருந்தேன். நீங்களும் பாத்துக்கினே இருந்தீங்க. ஏன் நிக்கற, நெழல்ல போய் குந்துன்னு ஒரு வார்த்த சொல்ல தோணலியா உங்களுக்கு?"

"ஒண்ணு காட்டிச்சி..." என்று ஆரம்பித்தார். பொம்மையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு களத்து ஓரத்தில் குந்திவிட்டார்.

போன் கிணுங்கியது. மனிதர்: 2.

"மூணு இல்ல காட்டணும்?" என்று முணுமுணுத்தார்.

ராதிகா எட்டிப் பார்த்தாள். அவளைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம். பொம்மையைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம். ஓரத்தில் குந்தியிருந்தவரைச் சுற்றி மஞ்சள் கட்டம்.

"நிமிந்து நில்லுங்க. கைய கொஞ்சம் அகட்டி வைங்க. போவப் போவ பழகிடும்" என்று சொல்லிவிட்டு ராதிகா தண்ணீர் குடிக்கப் போனாள்.