முதல் கிளாரினெட்

2008 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, மாலை ஏழு மணி. முத்தியால்பேட்டை கண்ணையன் கிளாரினெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, புதுச்சேரிக் கடற்கரைக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம் இருந்த ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தான். மேலே மீன் கூடையைக் கவிழ்த்து அதற்குள் பல்பு தொங்கவிட்டிருந்தார்கள். அவன் பக்கத்து வீட்டுப் பார்வதி தினமும் தலையில் சுமக்கிற அதே கூடை. அவள் தலையில் இருக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுகிறவர்கள் இங்கே அண்ணாந்து பார்த்து மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

சுவரில் சாக்பீசால் 'ஓபன் மைக்' என்று எழுதியிருந்தது. யார் வேண்டுமானாலும் மைக் முன்னால் போய்ப் பாடலாம், பேசலாம் என்று அர்த்தமாம். முத்தியால்பேட்டையில் இதற்குக் கட்சிக் கூட்டம் என்று பெயர். அங்கேயாவது கல் விழுமோ என்கிற பயத்தில் சீக்கிரம் முடிப்பார்கள்.

இவ்வளவு இளக்காரம் இருந்தும் அவனுக்கு உள்ளங்கை வியர்த்தபடியே இருந்தது. அதற்கான காரணத்தை வரிசையாகச் சொல்லிவிடுவதுதான் நல்லது.

கண்ணையன் பகலில் தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறவன். மற்ற நேரத்தில் உப்பளம் ஒகுஸ்த் மாஸ்டரின் பேண்டு செட்டில் இரண்டாம் கிளாரினெட். பதினெட்டு வருஷமாக இரண்டாம் கிளாரினெட். கல்யாணம், தேர்பவனி, சாவு என்று ஊர் முழுக்க ஊதிக்கொண்டே நடந்திருக்கிறான். கல்யாணத்தில் ஜனம் பெண்ணைப் பார்க்கும், சாவில் சவப்பெட்டியைப் பார்க்கும். பேண்டுக்காரனை எவன் பார்க்கிறான்? அந்த நிழல் அவனுக்கு ரொம்பச் சௌகரியமாக இருந்தது.

முதல் கிளாரினெட் ஜூஸ்தின் ஆகஸ்டில் மகனோடு இருக்க பிரான்சுக்குப் போய்விட்டார். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைக்கு பேண்டு முழுதும் சும்மா நிற்க, முதல் கிளாரினெட் மட்டும் மாஸ்டர் கட்டிய சோக மெட்டை மூன்று சரணமும் தனியாக ஊத வேண்டும். மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் குடும்பம் குடும்பமாக நின்று கேட்பார்கள். அந்த இடம் கண்ணையனுக்கு வேண்டும். பதினெட்டு நவம்பராக ஜூஸ்தின் முதுகைப் பார்த்தபடி அந்த மெட்டை மனசுக்குள்ளேயே ஊதி முடித்தவன் அவன்.

ஆனால் ஒத்திகையில் மாஸ்டர் "தனியா ஊது" என்றதும் பதினொரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உதடு உதறியது. கிளாரினெட் வாலை மிதித்த பூனை மாதிரி கத்திவிட்டு அடங்கியது.

ஒகுஸ்த் பிரெஞ்சுப் பட்டாளத்து பேண்டில் வாசித்து பென்ஷன் வாங்குகிறவர். யாரையும் திட்ட மாட்டார், கேவலப்படுத்துவதோடு சரி.

"கண்ணையா, பதினெட்டு வருஷமா உன் சத்தத்த நான் தனியா கேட்டதில்ல. கேக்காததாலதான் உன்ன வச்சினு இருந்தேன் போல."

"இன்னொரு தபா ஊதறேன் மாஸ்டர்."

"இவனுங்க முன்னாடியே இப்படின்னா, கல்லறையில பொணம் எழுந்து ஓடிரும்." கொஞ்சம் யோசித்தார். "ஒலிவியே காப்பிக் கடையில வியாழக்கெழம எவன் வேணா வாசிக்கலாமாம். அங்க போயி மூணு சரணமும் முழுசா ஊது. நான் வந்து கேக்கறேன். முடிச்சா எடம் உனக்கு. பாதியில எறங்கினா தெயோவுக்கு."

தெயோ, ஜூஸ்தினின் அண்ணன் மகன். வாத்தியத்தைத் துடைப்பதைவிடத் தலையை வாருவதற்கு அதிக நேரம் செலவழிக்கிறவன். அவன் பின்னால் நின்று இன்னொரு பதினெட்டு வருஷமா? அன்று முதல் கண்ணையனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

மனைவி செல்வாம்பாள் எட்டு நாள் பார்த்தாள்.

"ஏன்யா, சாவு வூட்டுல ஊதிட்டு வந்து ஒரு சட்டி சோறு துன்னுவ. காப்பி குடிக்கறவனுங்களுக்கு ஊத இன்னா பயம்? உசிரோட இருக்கறாங்கன்னா?"

அவள் சொன்னது உண்மை.

இப்போது கடையில் மாஸ்டர் மூலை மேஜையில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். முதலில் ஒரு வாலிபன் கிடாரோடு ஏறி, கண்ணை மூடிக்கொண்டு மழையைப் பற்றிப் பாடினான். கிடார் ஒரு சுதியில் போனது, அவன் வேறொரு ஊருக்குப் போனான். கை தட்டினார்கள். அடுத்து ஒரு பெண்மணி தன் பழைய செருப்பைப் பற்றி இங்கிலீஷில் கவிதை படித்தார். இரண்டாவது காகிதம் கைப்பையில் அகப்படாததால், மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். அதற்கும் தட்டினார்கள், முன்னதைவிடப் பலமாக.

கடைக்காரர் ஒலிவியே புதுச்சேரியில் பிறந்து பாரீசில் படித்துத் திரும்பியவர். தமிழை, விருந்தாளி வந்தால் எடுத்துப் போடுகிற நாற்காலி மாதிரி வைத்திருந்தார்.

"அடுத்து நம்ம கண்ணையன். உட்காந்து வாசிங்க, ரிலாக்ஸ்," என்று ஒரு முக்காலியைக் காட்டினார்.

"நின்னுக்கறேன்."

நிற்பதே பெரும்பாடாக இருந்தது. நடந்துகொண்டே ஊதிப் பழகிய கால்கள், போக இடமில்லாமல் ஒன்றை ஒன்று தேய்த்துக்கொண்டன. முப்பது முகங்கள் அவனையே பார்த்தன. நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டியது. ஊதுவாயிலுள்ள நாணல் ரீடை நனைக்க எச்சில் ஊறவில்லை. முதல் சுரம் நடுங்கித்தான் வந்தது. வந்ததைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் தரையில் நட்டு, முதல் சரணத்தை எப்படியோ இழுத்துத் தாண்டினான். இரண்டாம் சரணம் பாதி போயிருக்கும். யாரோ தாமதமாக வந்தவர் கதவைத் திறந்தார்.

கண்ணையன் சட்டென்று நிறுத்திவிட்டான்.

சாவு ஊர்வலம் மாதா கோயிலை அடைந்து கதவு திறந்ததும் பேண்டு நின்றுவிட வேண்டும். சுரம் பாதியில் இருந்தாலும், மூச்சு பாதியில் இருந்தாலும் நிற்க வேண்டும். உள்ளே சாமியார் ஜெபம் தொடங்கிவிடுவார். பதினெட்டு வருஷமாக எத்தனையோ பெட்டிகளை அப்படி உள்ளே அனுப்பியவன். பயத்தில் புத்தி வேலை செய்யாதபோது பழக்கம்தானே வேலை செய்யும்?

மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தொலைந்தது, தெயோ தலையை வாரிக்கொண்டு முன்வரிசைக்கு வரப்போகிறான் என்று கண்ணையன் நினைத்த அந்த நிமிஷத்தில், கடை முழுக்கக் கை தட்டியது.

சும்மாத் தட்டவில்லை, எழுந்து நின்று தட்டினார்கள். ஒலிவியே "பிராவோ" என்றார். செருப்புக் கவிதைப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கண்ணையனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது சூடேறியது. பாதிப் பாட்டுக்குத் தட்டுகிறார்கள். கழுத்தை அறுத்துப் போட்ட மெட்டுக்குத் தட்டுகிறார்கள். சாவு வீட்டில் பாக்கு மெல்லுகிற கிழவன்கூட, ஒரு அடி விட்டுப்போனால் "இன்னாப்பா, முழுங்கிட்டியா" என்று கேட்பான். ஒன்றுக்கும் அரைக்கும் வித்தியாசம் தெரியாத இந்தக் கூட்டத்துக்கா எட்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன்? தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. நல்ல எச்சில் அப்போதுதான் வாயில் ஊறியது.

"இன்னும் முடியல," என்றான். மைக்கில் அது கடை முழுக்கக் கேட்டது. "பாதிதான் ஆயிருக்குது. கைய கீழ போடுங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார்கள்.

கண்ணையன் மைக்கைக் கையால் ஒதுக்கிவிட்டு முதல் சரணத்திலிருந்து ஆரம்பித்தான். இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. கிடார் வாலிபனைப் பார்த்தான். வாலிபன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். மெட்டு தன் நடையில் நடந்தது. நடுவில் இரண்டு தடவை கதவு திறந்தது. வந்தவர்களை, பிரசங்கம் பாதியில் கோயிலுக்குள் நுழைகிறவனைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே ஊதினான். அவர்கள் கதவோரமே நின்றுவிட்டார்கள். மூன்றாம் சரணத்தின் நீண்ட சுரத்தில் மூச்சு பற்றவில்லை. கொஞ்சம் திருடி எடுத்துக்கொண்டு கடைசி வரை போய் இறக்கினான்.

இப்போது ஒருவரும் தட்டவில்லை. முடிந்ததா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணையன் அவர்களுக்குச் சொல்லவும் இல்லை. வாத்தியத்தைக் கழற்றி, துணியால் துடைத்து, ஒவ்வொரு துண்டாகப் பெட்டியில் அடுக்கினான். பெட்டி மூடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் ஒன்றிரண்டு கைகள் பயந்து பயந்து தட்டின.

ஒலிவியே ஓடி வந்தார். "அடுத்த வியாழனும் வரணும் கண்ணையன்."

"யாராச்சும் செத்தா சொல்லி அனுப்புங்க முசியே. பன்னெண்டு பேரா வர்றோம்."

வெளியே தெருவில் மாஸ்டர் அவன் டி.வி.எஸ்.ஸில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தார்.

"மூணாவது சரணத்துல மூச்சு திருடின."

"ஆமா மாஸ்டர்."

"கல்லறையில திருடாத. அங்க இருக்கறவன் ஒருத்தன்கிட்டயும் மூச்சு கெடையாது, கடன் குடுக்க." தொப்பியைச் சரி செய்தார். "ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு ஒத்திக. ஜூஸ்தின் நின்ன எடத்துல நில்லு. தெயோகிட்ட நான் பேசிக்கறேன்."

கண்ணையன் தலையாட்டிவிட்டு வண்டியில் சாவியைப் போடப் பார்த்தான். சாவி துளையைச் சுற்றிச் சுற்றி வந்தது, உள்ளே போகவில்லை. கடைக்குள் இருந்த முப்பது பேர் எங்கே, கல்லறையில் வந்து நிற்கப்போகும் ஜனம் எங்கே. மாஸ்டர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னாடா, நடுங்குது?"

"குளிருது மாஸ்டர்."

"பாண்டிச்சேரியில, அக்டோபர்ல, குளிருது." அவர் சாவியை வாங்கித் துளையில் செருகினார். "ஏறு, நானே ஓட்டறேன். நீ பெட்டியப் புடிச்சினு பின்னால உக்காரு."