தோற்றவர்கள் போட்ட வெடி

கட்சி இரண்டாக உடைந்தபோது வெள்ளத்தாய்க்குத் தலைவர்கள் மேல் கோபம் வரவில்லை. அவர்கள் மெட்ராஸில் எப்படியோ அடித்துக்கொள்ளட்டும். அவளுக்கு ஆத்திரமெல்லாம் சங்கையா மேல்தான். ராஜபாளையம் நகரச் செயலாளர் என்ற பவிசில், தாவணி போட்ட வயதிலிருந்து கொடி பிடித்தவளைக் கட்சி ஆபீஸ் வாசலிலேயே நிறுத்திவிட்டான். அவன் யாரோ எவனோ இல்லை, அவள் புருஷனின் கூடப்பிறந்த தம்பி.

"மதினி, நீங்க அந்த அணிக்குப் போயிட்டிய. உங்களைக் கட்சிய விட்டு நீக்கியாச்சு. இனிமே இங்க வராதிய."

"நீக்குறதுக்கு நீ யாருலே?"

"நான்தான் கட்சி. ஆபீசு, கொடிக்கம்பம், ஊருல உள்ள சுவரு அம்புட்டும் என்கிட்டதான இருக்கு!"

சொன்னதில் பொய் இல்லை. தேர்தல் வாடை அடிப்பதற்கு முன்பே நல்ல சுவர்களையெல்லாம் கட்சி பேரில் எழுதிப் பிடித்துவைப்பது ஊர் வழக்கம். ஒருவன் பிடித்த சுவரில் இன்னொருவன் பிரஷ் வைத்தால் அடிதடிதான். அப்படிப் பிடித்த சுவரெல்லாம் சங்கையா பக்கம் போய்விட்டது. வெள்ளத்தாய் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்த பிறகுதான் அழுதாள். மில்லில் ஷிப்டு முடித்த கையோடு, சோறு தின்னாமல் கூட்டத்துக்கு ஓடிய காலமெல்லாம் யாருக்காக என்று நினைத்து அழுதாள்.

அடுத்த மாதமே சட்டசபைத் தேர்தல் வந்தது. கட்சியின் பழைய சின்னம் சக்கரம். இரண்டு அணியும் அது எனக்குத்தான் என்று மல்லுக்கட்டியதால், யாருக்கும் இல்லையென்று தேர்தல் கமிஷன் அதை முடக்கிவிட்டது. சங்கையா அணிக்கு மணி கிடைத்தது, வெள்ளத்தாய் அணிக்குக் குடை.

எதிர்க்கட்சிதான் ஜெயிக்கும் என்பது டீக்கடை பெஞ்சுக்குக்கூடத் தெரிந்திருந்தது. வீடு இரண்டுபட்டுக் கிடக்கும்போது வேறென்ன நடக்கும்? ஆகவே உண்மையான சண்டை இரண்டாவது இடத்துக்குத்தான். மணியா குடையா, எது அதிகம் வாங்குகிறதோ அதுதான் இனிமேல் கட்சி. மற்றது கடையைக் கட்டவேண்டியதுதான்.

குடை அணியில் கொஞ்சம் வசதியான ஆள் என்றால் கைலிக்கடை அகமது கபீர் ஒருத்தர்தான். அவர் தன் வேனைக் கொடுத்தார். "சுவரே இல்லாம எப்படித் தங்கச்சி ஓட்டு கேக்க?" என்று கவலைப்பட்டார்.

"குடைக்கு எதுக்குண்ணே சுவரு? வீட்டுல இருக்குற குடையத் தூக்கிட்டுப் போவோம்."

போனாள். மில்லுக்கு லீவு போட்டுவிட்டுக் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ராஜபாளையத்துச் சந்துபொந்தெல்லாம், அப்புறம் சேத்தூர், தேவதானம் என்று கால் தேய நடந்தாள். தேவதானத்தில் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த சுடலைமாடத்தி அவளைக் கையமர்த்தினாள்.

"நான் என்னைக்கும் சக்கரத்துக்குத்தான் தாயி போடுவேன். நீ போ."

"சக்கரம் இந்தத் தடவை சீட்டுலயே கிடையாது மதினி. தேடாதிய. தேடுனா ஓட்டு வீணாப்போவும். இந்தா பாருங்க, இந்தக் குடையத் தேடுங்க."

சுடலைமாடத்தி குடையை வாங்கி மடக்கி, விரித்து, திருப்பிப் பார்த்தாள். "அப்ப சரி" என்றாள். இப்படித்தான் ஒவ்வொரு வாசலாக நடந்தது.

சங்கையா பக்கம் நடந்தது வேறு கூத்து. சின்னம் எப்படியும் நமக்குத்தான் வரும் என்ற நம்பிக்கையில் பிடித்த சுவரிலெல்லாம் முன்கூட்டியே சக்கரத்தை வரைந்து தள்ளியிருந்தான். மணி வந்ததும் சக்கரத்தை அழிக்கவேண்டியதாயிற்று. பெயிண்டர் சின்னக்கருப்பன் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டான்.

"சக்கரத்து மேல என் கையால சுண்ணாம்பு அடிக்க மாட்டேன் அண்ணாச்சி. வேணும்னா நீங்க அடிங்க."

சங்கையா சுண்ணாம்பு மட்டையை வாங்கினான். அவனுக்கும் கை வரவில்லை. கடைசியில் சக்கரத்தைத் தொடாமல் பக்கத்தில் ஒரு மணியை வரையச் சொன்னான். சக்கரம் பெரிதாக, மணி ஓரமாக. ஊர் முழுக்க அப்படியே. குடையோடு அந்த வழியாகப் போன வெள்ளத்தாய்க்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. அவளாக இருந்தாலும் அழித்திருக்க மாட்டாள். நல்லவேளையாக அவளுக்குச் சுவர் இல்லை.

ஓட்டு எண்ணிக்கை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. கம்புத் தடுப்புக்கு இந்தப் பக்கம் குடைக்கு ஏஜெண்டாக வெள்ளத்தாய், பக்கத்திலேயே மணிக்குச் சங்கையா. இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிர்க்கட்சிக் கட்டு ஏறிக்கொண்டே போனது. அதை யாரும் கவனிக்கவில்லை. குடைக் கட்டையும் மணிக் கட்டையும்தான் அவள் கண் மாறி மாறிப் பார்த்தது. காலையில் மணிக் கட்டு கொஞ்சம் முந்தியது.

ராஜபாளையத்துப் பெட்டிகளைப் பிரித்ததும் கதை மாறியது. செல்லாத ஓட்டு குவிய ஆரம்பித்தது. முத்திரை சீட்டின் அடியில் வெற்றிடத்தில் இருந்தது, ஓரத்தில் இருந்தது, பின்பக்கம்கூட இருந்தது.

"சார், அது எங்க ஓட்டு சார்!" என்று சங்கையா கத்தினான்.

அதிகாரி சீட்டைத் தூக்கிக் காட்டினார். "எந்தச் சின்னத்துலயும் இல்லையேய்யா. இதை எப்படி உங்களுதுங்கறீங்க?"

சங்கையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சுவரைப் பார்த்துப் பழகிய சனம் உள்ளே போய்ச் சக்கரத்தைத் தேடியிருக்கிறது. காணாமல், கிடைத்த இடத்தில் குத்திவிட்டு வந்திருக்கிறது. "பாவிப்பய சனம்..." என்று முனகிக்கொண்டே கம்பில் சாய்ந்தான்.

வெள்ளத்தாய்க்குச் சந்தோஷம் பொங்கியது. கூடவே, அந்தச் சீட்டுகளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஆனால் சந்தோஷம்தான் பெரிது, அதை எதற்கு மறைக்கவேண்டும்?

பொழுது சாயும்போது முடிவு வந்தது. எதிர்க்கட்சி ஜெயித்தது. குடை இரண்டாவது. மணிக்கு டெபாசிட் காலி. மாநிலம் முழுக்கவும் இதே கதைதான் என்று கபீர் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு குதித்தார். வெள்ளத்தாய் சரவெடியை ரோட்டில் நீளமாக விரித்துக் கொளுத்தினாள். ஜெயித்தவர்களின் ஊர்வலம் அப்படியே நின்றுவிட்டது. மாலையும் கழுத்துமாக வந்த ஒருத்தர் அவளிடம் கேட்டேவிட்டார்.

"ஏம்மா, தோத்தது நீங்கதான? எதுக்கு வெடி போடுதிய?"

"உங்களுக்கு ஆட்சி கிடைச்சிருக்கு, போடுங்க. எங்களுக்குக் கட்சி கிடைச்சிருக்கு, நாங்களும் போடுதோம்!"

வேனில் இருந்த அத்தனை பேரும் விசில் அடித்தார்கள்.

வேன் மடவார் வளாகத்தைத் தாண்டும்போது ரோட்டோரமாகச் சங்கையா தனியாக நின்றுகொண்டிருந்தான். தோற்றது தெரிந்ததுமே அவனுடைய ஆட்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு கம்பி நீட்டியிருந்தார்கள். வெள்ளத்தாய் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினாள்.

"ஏறுங்க தம்பி. ஊருக்கு நடந்தா போவிய?"

அவன் ஏறவில்லை. தலையைக் குனிந்துகொண்டே பேசினான். "மெட்ராஸுக்குப் போன் போட்டேன் மதினி. எங்க தலைவரே உங்க பக்கம் வாராவளாம். எங்களையும் சேந்துக்கிடச் சொல்லிட்டாவ. இனி நான் யாருகிட்ட வந்து கேக்கணும்? நகரச் செயலாளர் யாரு?"

வேனில் இருந்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் கபீரைப் பார்த்தார்கள். சங்கையாவின் கண்ணும் அங்கேயே போனது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்த கபீரும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மகளிர் அணி என்றால் ஆரத்தி எடுக்கத்தானே என்று பழகிப்போன ஆட்கள். நடந்தது யார் கால் என்பது ஒருத்தருக்கும் நினைவில்லை.

வெள்ளத்தாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"எதுக்குத் தம்பி அங்க பாக்கிய? என்கிட்டதான கேக்கிய, என்கிட்டயே கேளுங்க. நான்தான் செயலாளர்."

கபீர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார்.

"நீ முன்னால உக்காரு தங்கச்சி," என்றார். "நான் பின்னால ஏறிக்கிடுதேன்."