தண்ணி விடுங்கோ

நான் என்ன படிக்கிறேன் என்று யாராவது கேட்டால் அம்மா "எஞ்சினியரிங்" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுவார். கொங்கிறீற் தொழில் முகாமைத்துவம் என்று சொன்னால் மகள் சிமெந்து குழைக்கப் போகிறாள் என்று இங்கே ஜெர்மனியில், வுப்பர்டாலில் உள்ள பாதித் தமிழ்ச் சனம் நினைக்கும் என்பது அவருடைய கவலை. நினைத்தால் நினைக்கட்டும். குழைப்பதற்கும் படிப்பு வேண்டும். எத்தனை லீற்றர் தண்ணீர் என்பதில்தான் ஒரு கட்டடம் நிற்பதும் வெடிப்பதும் இருக்கிறது. இதைப் பிறந்தநாள் விழாக்களில் நான் விளக்கத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் வடை எடுக்க எழும்பிவிடுவார்கள்.

ஆறாம் செமஸ்டரில் டுசல்டோர்ஃபுக்கு வெளியே ஒரு கொங்கிறீற் ஆலையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பயிற்சி நன்றாக முடிந்தால் வேலை எனக்குத்தான் என்று மேலாளர் ஹெர் லூட்கே முதல் வாரமே சொல்லியிருந்தார். அங்கே கலவை லொறி ஓட்டும் பதினொரு பேரில் ஒருவர் சதீசன் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், வயது ஐம்பத்தைந்து, இருபத்திரண்டு வருடமாக அதே ஆலையில் இருக்கிறார். நான் தமிழ்ப் பிள்ளை என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். ஆனாலும் என்னோடு ஜெர்மன் மொழியில்தான் பேசுவார். நானும் அப்படித்தான். வேலையிடத்தில் தமிழ் பேச எனக்கு வெட்கம். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

வுப்பர்டாலில் ஒரு சிறுவர் பள்ளி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கலவை கொடுப்பது எங்கள் ஆலை. அந்த வளவின் மூலையில், என் பட்ட ஆய்வுக்காக மூன்று மீற்றரில் ஒரு சின்னத் தளம் போட்டிருந்தேன். ஹெர் லூட்கே கட்டடக்காரர்களோடு மல்லுக்கட்டி வாங்கித் தந்த மூலை அது. போட்ட கொங்கிறீற்றை ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே வெடித்துவிடும். ஒவ்வொரு காலையும் அங்கே போய்த் தளத்தை நனைத்துவிட்டுத்தான் ஆலைக்கு ரயில் எடுப்பேன்.

ஐந்தாம் நாள் மறந்துவிட்டேன். ஓகஸ்ட் வெயில் வேறு கொளுத்தியது. பத்து மணிக்கு ஆய்வுகூடத்தில் நிற்கும்போதுதான் நினைவு வந்தது. எந்த லொறி எங்கே நிற்கிறது என்று காட்டும் பலகையைப் பார்த்தேன். சதீசன் அண்ணையின் லொறி அந்த வளவில்தான் தன் முறைக்காகக் காத்து நின்றது. லொறி கழுவுவதற்காக ஒவ்வொன்றிலும் ஒரு தண்ணீர்த் தாங்கியும் குழாயும் இருக்கும். அவர் இறங்கி இரண்டு நிமிடம் தளத்துக்குத் தண்ணீர் அடித்தால் போதும்.

ஹெர் லூட்கே பக்கத்து மேசையில் இருந்தார். ஜெர்மனில் கேட்டால் என் மறதி அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் தொலைபேசியை எடுத்துக்கொண்டு, அந்த ஆலையில் முதன்முறையாகத் தமிழில் பேசினேன்.

"அண்ணை, சுபானி கதைக்கிறன். அங்கை கொங்கிறீற் காயுது. உங்கட தாங்கியிலை இருந்து தண்ணி விடுங்கோ."

அவர் "எவ்வளவு?" என்று கேட்டார். நல்லா விடுங்கோ என்றேன். "ஓம் பிள்ளை" என்றார்.

என் மண்டைக்குள் இருந்தது தளம். அதைப் பற்றி அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்த கொங்கிறீற், அவர் முதுகுக்குப் பின்னால் டிரம்முக்குள் சுழன்றுகொண்டிருந்த எட்டுக் கன மீற்றர்.

ஆலையில் அளந்து அனுப்பிய கலவைக்குள் சாரதி தண்ணீர் விடுவது இந்தத் தொழிலில் பெரிய குற்றம். கலவை இளகும், குழைக்கச் சுகமாக இருக்கும், பிறகு பலம் இருக்காது. அரை மணி நேரத்தில் வுப்பர்டாலில் இருந்து அழைப்பு வந்தது. சோதித்துப் பார்த்தால் கலவை கஞ்சி மாதிரி ஓடுகிறதாம், முழு லோடையும் திருப்பி அனுப்புகிறார்களாம். லொறி வந்தது. லோடோடு போகும் பற்றுச்சீட்டில் சதீசன் அண்ணை தன் கையாலேயே எழுதியிருந்தார்: நூற்றைம்பது லீற்றர்.

அவருக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. குளிர்காலத்தில் பின்னுக்கு எடுக்கும்போது ஒரு கேற்றை இடித்ததற்கு. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும் என்பது ஆலை முழுக்கத் தெரிந்த விஷயம். அந்த வயதில் அவரை யார் எடுப்பார்கள்?

ஹெர் லூட்கே எங்கள் அறையிலேயே அவரை நிற்கவைத்து விசாரித்தார். கலவை இறுகுவதுபோல் தெரிந்தது, அதனால் விட்டேன் என்றார் சதீசன் அண்ணை. என் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்காமல் நின்றேன். என் வேலையை நினைத்துக்கொண்டுதான் நின்றேன்.

ஹெர் லூட்கே எச்சரிக்கைப் படிவத்தை எடுத்து, பதிவுக்காக இன்னொரு முறை கேட்டார்: தண்ணீரைச் சேர்த்தது யார்? சேர்ப்பதற்கு ஜெர்மனில் 'சூகேபன்' என்பார்கள். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் அதே சொல்தான். அதுவரை தமிழைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன், தளத்தை நனைப்பதற்கும் கலவைக்குள் ஊற்றுவதற்கும் ஒரே 'தண்ணி விடு' வைத்திருக்கிறதே என்று. இவர்களுடைய மொழியும் அப்படித்தான்.

"நான்தான்" என்றேன். தளம், மறதி, தொலைபேசி எல்லாவற்றையும் சொன்னேன்.

படிவம் மேசைக்குள் போனது. ஹெர் லூட்கே சதீசன் அண்ணையை வேலைக்குப் போகச் சொன்னார். பயிற்சிக்குச் சான்றிதழ் தருவேன், வேலையைப் பற்றி இனிப் பேச வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். நியாயம்தான். கழிவறைக்குள் போய் அழுதேன்.

பிறகு கோபம் வந்தது. முற்றத்தில் டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய், இருபத்திரண்டு வருடம் லொறி ஓட்டுகிறவருக்கு இது தெரியாதா, ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா என்று ஜெர்மனில் கத்தினேன். அவர் குழாயை நிறுத்தினார்.

"விடக்கூடாது எண்டு தெரியும் பிள்ளை," என்றார். "இத்தனை வருசத்திலை இஞ்சை ஒருத்தரும் எனக்குத் தமிழிலை ஒரு வேலை சொன்னதில்லை. முதல் முதல் சொன்னது நீர். எப்பிடி ஏலாது எண்டு சொல்லுறது?"

ஹெர் லூட்கேக்கு விளங்கக் கூடாது என்பதற்காகத்தான் தமிழில் பேசினேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றுவரைக்கும் இல்லை.

மறுநாள் காலை பதினொரு சாரதிகளும் நான் கொடுக்கும் பற்றுச்சீட்டுக்காக வரிசையில் நின்றார்கள். ஹெர் லூட்கே கோப்பியோடு கதவடியில் நின்றார். சதீசன் அண்ணையின் முறை வந்ததும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரித் தமிழில் சொன்னேன்.

"அண்ணை, வுப்பர்டாலுக்கு எட்டுக் கியூப். மூலையிலை என்ர தளம் இருக்கு, தண்ணி அதுக்குத்தான். டிரம்முக்கு இல்லை."

"ஓம் பிள்ளை," என்று அவரும் உரக்கச் சொன்னார்.

என்ன சொன்னாய் என்று ஹெர் லூட்கே கேட்டார். ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்துச் சொன்னேன்.