இரண்டே வரியில் வகுத்தல்

என் மகள் நொஹேலியா காப்பி அடித்தாள் என்று பள்ளியிலிருந்து தாள் வந்ததும், கோழித் தொழிற்சாலையின் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கிளம்பிவிட்டேன். வகுத்தல் கணக்கு இருபதும் சரி. ஆனால் வழிமுறை எழுதவில்லையாம். அதனால் பூஜ்யம். திங்கட்கிழமையிலிருந்து சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் படிக்க வேண்டுமாம். ஹோண்டுராஸிலிருந்து ஆர்கன்சாஸுக்கு வந்து ஏழே மாதம். ஆங்கிலம் வராது, சரி. கணக்குமா வராது?

ஸ்பானிஷ் பேசும் எங்கள் வீடுகளுக்கும் பள்ளிக்கும் நடுவே பேசவென்றே பள்ளி வேலைக்கு வைத்திருக்கும் ஒடிலியா அக்கா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்தாத மார்லேன். நீ கத்தினா அதையும் நான்தான் இங்கிலீஷ்ல கத்தணும்."

கணக்கு எடுக்கும் விட்லோ டீச்சர் கெட்டவள் இல்லை. குழம்பியிருந்தாள். வகுப்பறையில் அவள் மேசைப் பக்கத்திலேயே நொஹேலியாவும் நின்றிருந்தாள். "ஏன் வழிமுறை எழுதலன்னு கேட்டா தலையக் குனிஞ்சுக்கறா. தப்பு பண்ணலைன்னா என் முகத்தப் பாக்கலாமே?"

"டீச்சர் கேள்வி கேக்கும்போது மொறச்சுப் பாக்கறதுக்கா நான் பிள்ள வளத்தேன்?" என்றேன். நான் சொன்ன ஒரு வரியை ஒடிலியா ஐந்து நிமிடம் விளக்கினாள். டீச்சரின் முகம் சிவந்தது.

பலகையில் நானே எழுதினேன். 952-ஐ 28-ஆல் வகுக்க வேண்டும். 95-இல் மூன்று முறை போகும். பெருக்குவதும் கழிப்பதும் மனதுக்குள்ளேயே. மீதி 11-ஐ மட்டும் எழுதி, 2-ஐ இறக்கினேன். நான்கு முறை. மீதி இல்லை. விடை 34. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான்.

டீச்சர் நொஹேலியாவின் தாளைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே!"

"நான் மெக்ஸிகோல படிச்சவ. எனக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க," என்றாள் ஒடிலியா. "இவ யாரப் பாத்து காப்பி அடிச்சா? மொத்தமா ரெண்டு நாட்டையுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துப் பூஜ்யத்தை அடித்துவிட்டு, நொஹேலியாவைப் பலகைக்குக் கூப்பிட்டாள். "எனக்கும் சொல்லிக் குடு."

736, 23. டீச்சர் மூன்று என்று எழுதிவிட்டுப் பழக்கதோஷத்தில் கீழே 69 எழுதினாள். பத்து வயசு என் மகள், பதினெட்டு வருஷ சர்வீஸ் உள்ள அந்த அம்மாள் எழுதியதை விரலாலேயே அழித்தாள். "மனசுல, டீச்சர்," என்றாள், ஆங்கிலத்தில்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய அசையக் கழித்துக்கொண்டிருந்தாள். என் மகள் அவசரப்படுத்தவில்லை.